தமிழ் வகுப்புல சாமி பாட்டு: மதம் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன பண்றது?

பொங்கோல்_அம்மா எழுதினது:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன், எழுதுறது இதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம். என் மக பிரைமரி ஃபோர். வீட்டுப் பக்கத்துல இருக்குற அரசாங்கப் பள்ளிக்கூடம், பேரு வேண்டாம். வீட்டுக்காரரும் நானும் சாமி கும்பிடுறதில்ல. அவரோட தாத்தா செம்பவாங் நேவல் பேஸ்ல வேலை பார்த்தவரு, சுயமரியாதைக்காரரு, ஐயர் இல்லாம கல்யாணம் பண்ணவரு, அந்த வீட்ல மூணு தலைமுறையா அப்படித்தான். நான் அப்படி வளரல. எங்கம்மா வெள்ளிக்கிழமை விளக்கேத்தாம சாப்பிட மாட்டாங்க. யாரும் சொல்லிக் கொடுத்து இல்ல, நானா யோசிச்சுதான் இருபத்தஞ்சு வயசுக்கு மேல விட்டேன். அம்மா கோயிலுக்குக் கூப்பிட்டா கூட்டிட்டுப் போவேன், வெளிய உக்காந்திருப்பேன், அதுல எங்களுக்குள்ள சண்டை இல்ல.

இப்ப பள்ளிக்கூடத்துல தீபாவளி அசெம்ப்ளி வருது. தமிழ் டீச்சர் நல்லாப் பாடுற பொம்பளப் புள்ளைங்க ஆறு பேரை எடுத்திருக்காங்க, என் மகளும் ஒருத்தி. பாட்டுன்னா உயிரு அவளுக்கு, அதனால துள்ளிக் குதிச்சுக்கிட்டு வந்தா. முதல்ல குத்துவிளக்கு, அப்புறம் ஆறு பேரும் வரிசையா நின்னு கண்ணை மூடி கை கூப்பி பிள்ளையார் பாட்டு, அப்புறம் நரகாசுரன் கதை, டான்ஸ். ரெண்டு நாள் வீட்ல பாடிப் பாத்தா. மூணாவது நாள் சோறு சாப்பிட்டுட்டு இருக்கும்போது கேக்குறா, "அம்மா, நான் கண்ணை மூடி கும்பிடும்போது யாரைக் கும்பிடுறேன்?"

எனக்கு வாயில வச்ச சோறு இறங்கல.

உனக்கு எப்படித் தோணுதுன்னு கேட்டேன். "பாட்டு புடிச்சிருக்கு, ஆனா கும்பிடுற மாதிரி நடிக்க புடிக்கல, மீனாட்சி நிஜமாவே கும்பிடுவா, அவ பக்கத்துல நின்னு நான் பொய்யா கும்பிட்டா அவளுக்கு நல்லா இருக்குமா"ன்னா. பத்து வயசுப் புள்ள. அவளே மறுநாள் டீச்சர்கிட்ட போயி நான் பாடுறேன் ஆனா கை கூப்பலன்னு சொல்லியிருக்கா. டீச்சர் கோவப்படல, அன்பாத்தான் சொல்லியிருக்காங்க, "அப்படியெல்லாம் சொல்லக்கூடாதும்மா, தமிழ்ப் பிள்ளைன்னா சாமி கும்பிடத் தெரியணும்"னு.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு தாங்கல. தமிழ்ப் பிள்ளைன்னா. அவ வகுப்புலேயே நல்லாத் தமிழ் பேசுறது அவதான், வீட்ல நாங்க இங்கிலீஷ் கலக்காம பேசணும்னு வம்படியா பேசி வளத்திருக்கோம்.

போன மாசம் கேம்ப்புக்கு ஒரு ஃபாரம் வந்துச்சு, அதுல மதம்னு ஒரு இடம். இவ கோடு போட்டுட்டா. பக்கத்துல இருந்த புள்ள "அப்ப நீ ஒண்ணுமே இல்லையா"ன்னு கேட்டிருக்கு. புள்ளைங்க கேக்குறது தப்பில்ல, ஆனா பதில் என்ன சொல்லிக் கொடுக்குறதுன்னு எனக்கே தெரியல.

டீச்சர்கிட்ட பேசலாமா? பேசினா எப்படிப் பேசுறது? எங்க பள்ளிக்கூடத்துல தமிழுக்கு மொத்தமே ரெண்டு டீச்சருங்க, பிரைமரி சிக்ஸ்ல வர்ற பிஎஸ்எல்இ பரீட்சை வரைக்கும் இவங்ககிட்டதான் படிக்கணும். வீட்டுக்காரரு நேரா கல்வி அமைச்சுக்கு எழுதலாங்குறாரு. எனக்கு அது வேண்டாம்னு இருக்கு, ஆனா சும்மா இருக்கவும் முடியல.


பழைய_வாத்தியார் எழுதினது:

அம்மா, முப்பது வருசத்துக்கு மேல இங்க தமிழ் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவன் நான். கடவுள் நம்பிக்கை உள்ளவன், காலைல திருநீறு பூசாம வெளிய போறதில்ல. அதை முதல்லயே சொல்லிடுறேன்.

உங்க மக கேட்டது சரியான கேள்வி. அந்த டீச்சர் சொன்னது தப்பு, ஆனா கெட்ட எண்ணத்துல சொன்னதில்ல. இது எங்க துறைல ரொம்ப நாளா இருக்குற பழக்கம். தீபாவளின்னா தமிழ் வகுப்பு தலைல விழும், பொங்கல்னாலும் நாங்கதான், அசெம்ப்ளில பத்து நிமிசம் கொடுப்பாங்க, என்ன பண்றது, தெரிஞ்சதைப் பண்ணுவோம், விளக்கு, சாமி பாட்டு, டான்ஸ். நானே பண்ணியிருக்கேன். 1990கள்ல ஒரு தடவை பண்ணும்போது என் வகுப்புல நாலு பிள்ளை தமிழ் முஸ்லிம், ரெண்டு பிள்ளை கிறிஸ்தவங்க. அவங்க ஓரமா நின்னுட்டு இருந்தாங்க. அவங்க ஏன் ஓரமா நிக்கிறாங்கன்னு அன்னிக்கு நான் யோசிக்கல. இப்ப நெனச்சா சங்கடமா இருக்கு.

பழைய கதை ஒண்ணு சொல்றேன், இப்ப உள்ள பெற்றோருக்கு நெறைய பேருக்குத் தெரியாது. 1984ல உயர்நிலை 3லேந்து சமய அறிவுன்னு ஒரு பாடத்தைக் கட்டாயமாக்கினாங்க. பைபிள், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம், கன்ஃபூசிய நெறி, இதுல ஒண்ணு எடுத்துத்தான் ஆகணும். பிள்ளைங்க ஒழுக்கமா வளரணும்னுதான் கொண்டு வந்தாங்க, நோக்கத்துல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பட்டியல்ல மதம் இல்லாத பிள்ளைக்கு இடம் எங்க? கன்ஃபூசிய நெறி ஒண்ணுதான் சமயம் சாராதது, அதை ஒரு தமிழ்ப் பையன் எடுத்தா மத்தவங்க ஒரு மாதிரி பாப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், அவங்க அப்பா பகுத்தறிவுக்காரரு, கடைசில இந்து சமயப் பாடத்தையே எடுத்தான், வேற வழி தெரியாம. நல்ல மார்க்கும் வாங்கினான். ஆனா பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு என்கிட்ட வந்து, "சார் எனக்கு இதுல சொந்தமா ஒரு வரிகூட எழுத விடல"ன்னான். எனக்கு இன்னும் காதுல கேக்குது.

1989ல அரசாங்கமே அதைக் கைவிட்டுச்சு. மதப் பரப்பு வேலை அதிகமாச்சு, சமய வேறுபாடு கூடுதுன்னு ஆராய்ச்சிலயும் சொன்னாங்க, அரசாங்கம் எல்லா மதத்துக்கும் நடுவுல நிக்கணும்னு முடிவெடுத்தாங்க. அதுக்கப்புறம் குடிமை ஒழுக்கக் கல்வி வந்துச்சு, இப்ப சிசிஇன்னு குணநலனும் குடிமையும் சொல்லிக் கொடுக்குற பாடம். மறு வருசமே 1990ல சமய நல்லிணக்கச் சட்டமும் வந்துச்சு. ஆக, பள்ளிக்கூடம் வழிபாட்டு இடம் இல்லைங்குறது இந்த நாடு பட்டுத் தெரிஞ்சு எடுத்த முடிவு. நீங்க புதுசா ஒண்ணும் கேக்கல.

எப்படிப் பேசுறதுன்னு கேட்டீங்க. அமைச்சுக்கு எழுத வேண்டாம், இப்ப வேண்டாம். டீச்சருக்கு மெயில்லயும் நீளமா எழுதாதீங்க, எழுத்துல வந்தா அவங்களுக்கு பயம் வந்துடும், பயம் வந்தா மேல அனுப்பிடுவாங்க, அப்புறம் அது மனுசங்க பேசுற விசயமாவே இருக்காது. ஒரு பத்து நிமிசம் நேர்ல பாக்கணும்னு கேளுங்க. போனதும் முதல்ல, பிள்ளையைப் பாட எடுத்ததுக்கு நன்றி சொல்லுங்க. அதுக்கப்புறம், அவ பாட ஆசைப்படுறா, கும்பிடுறது மட்டும் அவளோட வீட்டு வழக்கம் இல்ல, இதுக்கு என்ன வழி பண்ணலாம்னு டீச்சர்கிட்டயே வழியைக் கேளுங்க. வழி கேட்டா வாத்தியாருக்கு மறுக்க மனசு வராது, நான் வாத்தியாரா இருந்தவன், எனக்குத் தெரியும்.


தேக்கா_மீனா எழுதினது:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க அக்கா. தீபாவளிக்கு பிள்ளையார் பாட்டு பாடாம வேற என்ன பாடுறது? தீபாவளி சமயப் பண்டிகைதானே. சீனப் பிள்ளைங்க, மலாய்ப் பிள்ளைங்க எல்லாம் உக்காந்து பாக்குறப்ப நம்ம பண்டிகை எப்படின்னு காட்ட வருசத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்குது. அதையும் மதம் வேண்டாம் அது வேண்டாம் இது வேண்டாம்னு உரிச்சு எடுத்தா கடைசில முறுக்கும் ரங்கோலியும் மட்டும்தான் மிச்சம் இருக்கும். இந்துக்கள் நாங்களே இங்க அஞ்சு சதவீதம், எங்க பிள்ளைங்க கூச்சப்படாம விபூதி வச்சுட்டுப் போறதே பெரிய விசயம்னு நெனக்கிறவ நான். கும்பிடுறது ஒரு மரியாதை, கை கூப்பினா புள்ளைக்கு என்ன குறைஞ்சு போகும்?


பொங்கோல்_அம்மா எழுதினது:

மீனா, கோவம் இல்ல. நீங்க சொல்றதுல பாதி எனக்கும் சரின்னுதான் படுது. மீனாட்சி கும்பிடட்டும், கண்ணை மூடி மனசாரக் கும்பிடட்டும், அதை மத்த இனத்துப் புள்ளைங்க பாக்கட்டும், என் மகளும் பாக்கட்டும். அதை எடுக்கச் சொல்லி நான் கேக்கவே இல்ல. என் மக கேக்குறது அவளை கும்பிட வைக்காதீங்கன்னு மட்டும்தான். கை கூப்பினா என்ன குறைஞ்சு போகும்னு கேட்டீங்க, உங்க மகளை ஒரு மேடைல நிக்க வச்சு வேற மதத்து ஜெபத்தைக் கண்ணை மூடிச் சொல்லச் சொன்னா, சும்மா மரியாதைக்குத்தானேன்னு விடுவீங்களா? நீங்க விட மாட்டீங்க, விடவும் கூடாது. அதே அளவு மனசு என் மகளுக்கும் இருக்கு. நம்பிக்கை இல்லாதது வெறுமை இல்ல மீனா, அவளும் எது சரி எது தப்புன்னு யோசிச்சுத்தான் அந்த இடத்துக்கு வந்திருக்கா. பக்கத்துல நிக்கிறவ உண்மையா கும்பிடுறப்ப நான் பொய்யா கும்பிடக்கூடாதுன்னு அவ சொன்னது உங்க சாமிக்குக் கொடுத்த மரியாதைதானே?

வாத்தியார் ஐயா, நன்றி. அந்தப் பையன் சொன்னதை வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல அவரு.


கடையநல்லூர்_பேரன் எழுதினது:

அக்கா, அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் தமிழ் முஸ்லிம், மூணாம் தலைமுறை, பிடோக். நம்பிக்கை விசயத்துல நீங்களும் நானும் வேற வேற கரைல இருக்கோம், ஆனா இந்த விசயத்துல ஒரே படகு.

நான் பிரைமரி படிக்கும்போது தமிழ் வகுப்பு கூடவே என்னை ஒரு தடவை விளக்குப் பூஜைல நிக்க வச்சாங்க. வீட்ல போய்ச் சொன்னதும் அத்தா ஒண்ணும் சத்தம் போடல, மறுநாள் வேட்டியை மாத்திட்டு பேன்ட் போட்டுக்கிட்டு வந்து டீச்சரைப் பாத்து, என் மகன் தமிழ் படிக்கத்தான் வர்றான், தமிழுக்காக எது வேணாலும் செய்வான், வணக்கம் மட்டும் அல்லாவுக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாரு. டீச்சர் உடனே ஒத்துக்கிட்டாங்க. ஏன்னா முஸ்லிம்னு சொன்னா எல்லாருக்கும் புரியுது. உங்க மக "எனக்கு மதம் இல்ல"ன்னா புரிய மாட்டேங்குது, ஏதோ அடம்னு நெனக்கிறாங்க. இந்த வித்தியாசம் எனக்கு நியாயமாப் படல. என் மனசாட்சிக்குக் கொடுக்குற இடத்தை அந்தப் புள்ளை மனசாட்சிக்கும் கொடுக்கணும்ல.

இன்னொண்ணு. "தமிழ்ப் பிள்ளைன்னா சாமி கும்பிடணும்"ங்குற பேச்சு எங்களுக்கும் வலிக்கும். எங்க ஆளுங்க கடையநல்லூர், தென்காசிலேந்து வந்தவங்க, 1946ல உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினது சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்தான். இந்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை எல்லாரும் ஒரே பெஞ்சுல தமிழ் படிச்ச இடம். அது மூடினதுக்கு அப்புறமும் அந்தப் பேரு பீட்டி ரோடு தமிழ் மொழி நிலையத்துல நிக்குது. இங்க தமிழ் யாரோ ஒரு மதத்துக்காரங்க மட்டும் வளத்தது இல்ல.

கோ. சாரங்கபாணி ஐயாவையும் எடுத்துக்குங்க. பெரியார் 1929 கடைசில மலாயா பக்கம் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் இங்க சீர்திருத்தம் பேசினவரு, 1935ல தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினவரு. 1952லேந்து அவரு தமிழர் திருநாள்னு பொங்கலை ஒட்டிக் கொண்டாட வச்சதே சாதி மதம் பாக்காம தமிழ் பேசுற எல்லாரும் ஒரு மேடைல நிக்கணும்னுதான். எங்க பாட்டனாரு அந்த விழாவுக்குப் போயிருக்காரு, தொப்பி போட்டுக்கிட்டேதான் போனேன்டான்னு சொல்லுவாரு. உங்க வீட்டுக்காரரோட தாத்தாவும் நேவல் பேஸ்லேந்து வந்திருப்பாருன்னு நெனக்கிறேன், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னுருக்கலாம்.

ஒரு யோசனை. பாட்டு தமிழ் வாழ்த்தா இருந்தா ஆறு பேரும் சேந்து பாடலாம், கும்பிடுற பாட்டு தனியா, இஷ்டப்பட்டவங்க பாடட்டும். இங்க நடக்குற தமிழ் நிகழ்ச்சிங்கள்ல பாதில இப்படித்தானே ஆரம்பிக்கிறாங்க.


சட்டம்_படிச்சவன் எழுதினது:

வக்கீல் வேலை பாக்கல இப்ப, ஆனா படிச்சிருக்கேன், அதனால சட்டம் என்ன சொல்லுதுன்னு மட்டும். அரசியலமைப்புச் சட்டத்துல 15ஆவது பிரிவு சமய சுதந்திரம், எல்லாருக்கும் தெரிஞ்சது. கல்விக்குன்னு தனியா 16 இருக்கு, அதை யாரும் படிக்கிறதில்ல. 16(3) சொல்றது என்னன்னா, தன்னோடது அல்லாத மதத்துல போதனை வாங்கவோ அதோட சடங்கு, வழிபாட்டுல கலந்துக்கவோ யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. அதுக்கு அடுத்த உட்பிரிவு, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களோட மதத்தை அப்பா அம்மா இல்லன்னா பாதுகாவலர்தான் தீர்மானிப்பாங்கன்னு. ஆக உங்க மக விசயத்துல முடிவு உங்க கையில.

மதமே இல்லாதவங்களுக்கு இது பொருந்துமான்னு சிலர் கேப்பாங்க. கேள்வி சும்மா இல்ல. 1999ல ஒரு வழக்கு, உறுதிமொழியும் நாட்டுப்பண்ணும் பாட மாட்டேன்னு மத நம்பிக்கையால மறுத்த ஒரு ஆசிரியரோடது, அதுல மேல்முறையீட்டு நீதிமன்றம் மதம்னா ஒரு கடவுள் மேல வச்ச நம்பிக்கைன்னு எடுத்துக்கிச்சு, நாட்டு மேல உள்ள பற்று மதம் ஆகாதுன்னு சொல்லிச்சு. அந்த வரையறைப்படி நாத்திகம் மதம் இல்ல. ஆனா என் வாசிப்புல, எந்த மதமும் ஒரு பிள்ளையோடது இல்லன்னா எல்லா மதமும் அந்தப் பிள்ளைக்குத் "தன்னோடது அல்லாத மதம்"தான். வேற எப்படிப் படிச்சாலும் ஒரு மதத்துக்காரனுக்கு உள்ள பாதுகாப்பு இன்னொருத்தனுக்கு இல்லன்னு ஆயிடும், அதை இந்தச் சட்டத்தை எழுதினவங்க நெனச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணல.

நாம ஏதோ விரல் விட்டு எண்ணுற ஆளுங்களும் இல்ல. 2020 மக்கள் கணக்கெடுப்புல 15 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 20 சதவீதம் பேர் மதம் இல்லன்னு சொல்லியிருக்காங்க, 2010ல அது 17. அஞ்சு பேர்ல ஒருத்தர். இந்தியர்கள்ல ரொம்பக் குறைவு, அதனாலதான் தமிழ் வகுப்புல உங்க மக தனியாத் தெரியுறா, எல்லா இனப் பிள்ளைங்களும் சேந்து இருக்குற அவளோட வகுப்புல எத்தனை சீனப் பிள்ளைங்க அதே கோடு போட்டிருப்பாங்கன்னு கேட்டுப் பாருங்க. ஹியூமனிஸ்ட் சொசைட்டின்னு 2010லேந்து பதிவு பண்ணின அமைப்பும் இங்க இருக்கு.

சட்டத்தை டீச்சர் முன்னாடி எடுத்து வைக்காதீங்க. மனசுக்குள்ள தைரியத்துக்கு வச்சுக்குங்க, போதும்.


ஜூரோங்_அப்பா எழுதினது:

எங்க கதை வேற. மகன் மிஷன் ஸ்கூல், அரசாங்க உதவி பெறுற பள்ளி. நாங்களா விரும்பிச் சேத்தது, வீட்டுக்குப் பக்கம், நல்ல ஸ்கூல். சேத்த அன்னிக்கே ஜெபம் இருக்கும்னு தெரியும், அதனால புகார் சொல்ல எனக்கு உரிமை கம்மின்னு நெனச்சுட்டு இருந்தேன். ஜெபம் கட்டாயம் இல்ல, வேண்டாம்னா லைப்ரரில உக்காரலாம்னு சொன்னாங்க, அதுல அவங்க நாணயமாத்தான் நடந்துக்கிட்டாங்க. ஆனா ஏழு வயசுப் பையன் மொத்த வகுப்பும் வரிசையாப் போகும்போது தனியா லைப்ரரிக்குப் போவானா? ரெண்டு வாரம் போனான், மூணாவது வாரம் நானும் அவங்களோடயே போறேன்பா, அங்க கிட்டார் வாசிக்கிறாங்கன்னான். சரின்னு விட்டோம். போனான், பாடினான், இப்ப வளந்துட்டான், ஒரு பாதிப்பும் இல்ல, அதையும் ஒத்துக்கணும்.

எனக்கு உறுத்துறது வேற இடம். பிரைமரி ஒன் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டம் கட்டமா நடக்கும், அதுல ஃபேஸ் 2பின்னு ஒரு கட்டம் இருக்குல்ல, 40 மணி நேரம் தொண்டு செஞ்ச பெற்றோர், சமூகத் தலைவர், அப்புறம் பள்ளியோட நேரடியாச் சம்பந்தப்பட்ட தேவாலயமோ குல சங்கமோ ஒப்புதல் கொடுத்த உறுப்பினர், இவங்களுக்கெல்லாம் முன்னுரிமை. 2022லேந்து, பள்ளியோட எந்தத் தொடர்பும் இல்லாதவங்க வர்ற அடுத்த கட்டமான 2சிக்கு 40 இடம் ஒதுக்கி கொஞ்சம் சரி பண்ணியிருக்காங்க, 2பிக்கு 20. இருந்தாலும் பாருங்க, வரிப்பணத்துல ஓடுற பள்ளில ஒரு குடும்பம் ஒரு தேவாலயத்துல உறுப்பினரா இருக்குறதால முன்னாடி நிக்கிது. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் இதுக்காகவே ரெண்டு வருசம் ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், பிள்ளைக்காகச் செய்யுறாங்க, ஆனா அந்த நிலைமைக்கு ஒரு அப்பா அம்மாவைக் கொண்டு போகலாமா? உங்க மக கேட்ட அதே கேள்விதான், நான் யாரைக் கும்பிடுறேன்னு.

உங்க பள்ளிக்கூடம் முழு அரசாங்கப் பள்ளி. அங்க மதம் சாராத பிள்ளை ஓரமாப் போய் நிக்க வேண்டிய அவசியமே இருக்கக்கூடாது. லைப்ரரியை மட்டும் ஒத்துக்காதீங்க. அவ மேடைலயே இருக்கணும்.


மான்செஸ்டர்_தங்கச்சி எழுதினது:

தோ பாயோல பொறந்து வளந்து கல்யாணம் ஆகி இங்கிலாந்து வந்து ஒன்பது வருசம். ஜூரோங் அண்ணே சொன்ன லைப்ரரி விசயத்தைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

இங்க அரசாங்கப் பள்ளிக்கூடத்துல தினமும் கூட்டு வழிபாடு நடக்கணும்னு சட்டம், 1944லேந்து இருக்கு, இன்னும் எடுக்கல. மதப் பள்ளி இல்லாத சாதாரணப் பள்ளிலயும் அது பெரும்பாலும் கிறிஸ்தவச் சாயல்ல இருக்கணும்னு 1988ல எழுதி வச்சுட்டாங்க. நெறைய பள்ளிங்க கண்டும் காணாம விட்டுடும், சில பள்ளிங்க முழுசாச் செய்யும். பிள்ளையை விலக்கிக்க அப்பா அம்மாவுக்கு உரிமை உண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கும். என் பொண்ணை ஒரு டெர்ம் விலக்கினோம். அவ தினமும் ரிசப்ஷன் பக்கத்துல ஒரு நாற்காலில உக்காந்து கலர் அடிச்சா. போறவங்க வர்றவங்க எல்லாம் என்னம்மா தப்பு பண்ணின, ஏன் இங்க உக்காந்திருக்கன்னு கேட்டிருக்காங்க. டெர்ம் முடியுறப்ப அவளே வேண்டாம்மா, நான் உள்ளயே போறேன்னுட்டா.

2015ல லண்டன் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லிச்சு, சமயக் கல்விப் பாடத்துல மதம் சாராத வாழ்க்கை நோக்கையும் மத்ததுக்குச் சமமா மதிச்சு நடத்தணும்னு, அதைக் கேட்டுப் போனது மூணு குடும்பங்க. 2025 நவம்பர்ல வட அயர்லாந்து வழக்குல உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாச் சொல்லிடுச்சு, பெல்ஃபாஸ்ட்ல ஒரு அப்பாவும் மகளும் போட்ட கேஸ். பாடம் ஒரே மதத்தோட பக்கம் சாஞ்சு இருக்கு, பிள்ளையை விலக்கிக்கலாம்னு ஒரு உரிமையைக் கொடுத்துட்டா அது சரியாயிடாது, அது பெற்றோர் தலைல பாரத்தை ஏத்துறதுதான்னு. அதைப் படிச்ச அன்னிக்கு அந்த ரிசப்ஷன் நாற்காலிதான் என் கண்ணு முன்னாடி வந்துச்சு, அழுதுட்டேன்.

சிங்கப்பூர் இதுல எவ்வளவோ மேலன்னு இங்க வந்தப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சது. நாம தினமும் காலைல கை நெஞ்சுல வச்சு, இன, மொழி, மத வேற்றுமை பாக்க மாட்டோம்னு உறுதிமொழி சொல்லி வளந்தவங்க, ஜெபம் சொல்லி இல்ல. அதைக் காப்பாத்திக்குங்க அக்கா. மதங்களைப் பத்திப் படிக்கட்டும், கோயில், பள்ளிவாசல், சர்ச் எல்லாம் போய்ப் பாக்கட்டும், அது வேணும், என் பொண்ணுக்கு இங்க ராமாயணமும் ஈஸ்டரும் ரெண்டும் தெரியும், அதுல எனக்கு சந்தோசம்தான். ஆனா பாக்குறது வேற, கும்பிட வைக்கிறது வேற.


தேக்கா_மீனா எழுதினது:

எல்லாத்தையும் படிச்சேன். அந்த நாற்காலி விசயம் மனசைப் பிசைஞ்சுடுச்சு. அக்கா, நீங்க கேட்ட கேள்விக்கு, என் மகளை அப்படி நிக்க வச்சா நான் விட மாட்டேன்தான். தீபாவளியை உரிக்கக்கூடாதுங்குறதுல மட்டும் நான் மாறல. உங்க மகளை ஓரமா நிறுத்தாம என் மக கும்பிட வழி இருந்தா எனக்கு அதுவே போதும். பேசிட்டு வந்து சொல்லுங்க.


பொங்கோல்_அம்மா எழுதினது:

நேத்து போயிட்டு வந்தேன். லேட்டாச் சொல்றதுக்கு மன்னிக்கணும், வேலை.

வாத்தியார் ஐயா சொன்ன மாதிரியே முதல்ல நன்றி சொன்னேன். டீச்சர் முகம் மலந்துடுச்சு, உங்க மக குரல் அப்படிம்மா, அதனாலதான் எடுத்தேன்னாங்க. அப்புறம் விசயத்தைச் சொன்னேன். வீட்ல நாங்க சாமி கும்பிடுறதில்ல, அவளுக்கு யார் மேலயும் வெறுப்பு இல்ல, நடிக்கத்தான் புடிக்கலன்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. "நான் அவளைத் தப்பாப் பேசிட்டேனாம்மா"ன்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்ல வாய் வந்துச்சு, ஆனா சொல்லல. "தமிழ்ப் பிள்ளைன்னா"ன்னு சொன்னது அவளுக்கு வலிச்சுதுன்னேன். அவங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு, எனக்கும். அவங்க வகுப்புல ஒரு தமிழ் முஸ்லிம் பையன் இருக்கானாம், அவனை எந்த வருசமும் தீபாவளி நிகழ்ச்சில சேக்கிறதே இல்லையாம், அவனுக்குச் சங்கடம் வேண்டாம்னு நெனச்சு. அவன்கிட்ட ஒரு தடவைகூடக் கேட்டதில்லன்னு அவங்களே சொன்னாங்க.

முடிவு என்னன்னா, விளக்கு இருக்கும், பிள்ளையார் பாட்டும் இருக்கும், மீனாட்சியும் இன்னும் ரெண்டு பேரும் பாடுவாங்க, அவங்க நிஜமாக் கும்பிடுறவங்க. அதுக்கு முன்னாடி தமிழ் வாழ்த்து, அதை ஆறு பேரும் அந்தப் பையனும் சேந்து பாடுவாங்க. என் மக அதுக்கு முதல் குரல். நடுவுல தீபாவளி ஏன் கொண்டாடுறாங்கன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் சொல்றதும் அவதான். துறைத் தலைவர்கிட்ட கேட்டுத்தான் உறுதி பண்ணணும்னாங்க, இன்னிக்குக் காலைல சரின்னு மெசேஜ் வந்துடுச்சு.

எல்லாம் சரியாகல. அந்த கேம்ப் ஃபாரம் விசயத்தையும் கேட்டேன், சாப்பாட்டுக்காகத்தான் அதுன்னாங்க. அப்ப சாப்பாடு என்னன்னு கேட்டாப் போதுமே, மதம் எதுக்குன்னேன், ஆபீஸ்ல சொல்லிப் பாக்குறேன்னாங்க. அதுக்கு இன்னும் பதில் வரல, திரும்பக் கேப்பேன்.

"அப்ப நீ ஒண்ணுமே இல்லையா"ன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு நேத்து ராத்திரி அவகிட்டயே கேட்டேன். "நான் கும்பிட மாட்டேன், ஆனா நீ கும்பிடும்போது பேசாம இருப்பேன்னு சொல்லுவேன்"னா. சொல்லிட்டு தமிழ் வாழ்த்தை எடுத்து வச்சுக்கிட்டா, ரெண்டாவது வரில சுருதி நிக்க மாட்டேங்குதாம், பக்கத்து வீட்டு மாமி கதவைத் தட்டுற வரைக்கும் பாடிக்கிட்டே இருந்தா.